குங்குமம் வைத்த போல்ட்டுகள்

கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்திருக்க வேண்டும். எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளைக்கே அது திரும்பிப் போக வேண்டும். இடையில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வால்வு பாடி மாற்றுகிறவர்களுக்கான விதி இது. எந்தக் கையேட்டை எடுத்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கும்.

நல்ல விதி. நானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது.

சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம், மலேசியாவில் சிகாமட்டில் உள்ள எங்கள் வீட்டுச் சாமி அறைக்கு முன்னால் என் மைத்துனன் செல்வம் ஓர் அட்டைப்பெட்டியை ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தான். பெட்டிக்குள் புதிதாக வாங்கிய வால்வு பாடி. ஜோகூர் பாருவில் தேடிப் பிடித்து, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

அவன் பார்வை சரஸ்வதி படத்தின் மேல் இல்லை. படத்துக்குக் கீழே இருந்த பித்தளைத் தாம்பாளத்தின் மேல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் காரிலிருந்து கழற்றிவிட்டுப் போன போல்ட்டுகள் அதில் இருந்தன. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததில் வெள்ளிச் சாமான்கள் போலப் பளபளத்தன. நீளமானவை விளிம்பில், நடுத்தரமானவை அதற்குள், குட்டையானவை மையத்தில் என்று தாமரைப்பூ வடிவத்தில் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். நட்டநடுவில் ஒரு செவ்வந்திப்பூ.

“அக்கா, இத யாரு அடுக்குனா?”

“நான்தான்,” என்றாள் என் மனைவி ராஜேஸ்வரி. “நல்லா இருக்கா?”

செல்வம் அட்டைப்பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

“ரொம்ப நல்லா இருக்குக்கா,” என்றான். “அதான் பிரச்ன.”

அடிவயிற்றில் ஒரு மூளை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அரசாங்க வாகனப் பணிமனை ஒன்றில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்பேனர் பிடித்ததில்லை. ஸ்பேனரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மூன்று மொழிகளில் சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன்.

ஆகவே வால்வு பாடி என்றால் என்ன என்பதை நான் விளக்குவதில் தவறில்லை. அது கியர்பாக்ஸின் அடிவயிற்றில், எண்ணெய்த் தட்டுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அலுமினியக் கட்டி. அதைப் பிளந்து பார்த்தால் கறையான் புற்றைப் போல உள்ளே எங்கும் வாய்க்கால்கள். எந்த நேரத்தில் எந்த வாய்க்காலில் எண்ணெய் பாய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதன்படிதான் கியர் மாறுகிறது. அது தேய்ந்துபோனால் எண்ணெய் வழிமாறும். கியர் தாமதமாக விழும், விழும்போது உதைத்துக்கொண்டு விழும்.

எங்கள் கார் உதைத்தது. நெம்புகோலை ‘டி’யில் போட்டதும் யாரோ பின்னாலிருந்து காலால் தள்ளியதுபோல் ஓர் அதிர்ச்சி. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது இன்னொன்று. பின்கண்ணாடியோரம் ராஜேஸ்வரி வைத்திருக்கும் டிஷ்யூ பெட்டி அந்த இரண்டாவது உதைக்குத் தவறாமல் கீழே விழும்.

வால்வு பாடியைக் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடிப்பவை இந்தப் போல்ட்டுகள். தலை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. நீளம் மட்டும் மூன்று வகை. குட்டை போக வேண்டிய துளையில் நீளமானது போனால் முட்டிக்கொண்டு நிற்கும், மீறி இறுக்கினால் கியர்பாக்ஸின் உறையில் விரிசல் விடும். நீளமானது போக வேண்டிய துளையில் குட்டை போனால் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு, எண்ணெய் சூடேறியதும் கைவிட்டுவிடும்.

இதெல்லாம் செல்வத்துக்குத் தெரியாததல்ல. வாரம் முழுக்கப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் வேலைதான் அவனுக்கு. போன ஞாயிறு எங்கள் வீட்டு முன்கூடாரத்தில் காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, பழைய வால்வு பாடியை இறக்கினான். அதன் உருவத்தை ஓர் அட்டையில் பென்சிலால் வரைந்து, துளை இருந்த இடங்களிலெல்லாம் ஓட்டை போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ஓட்டையில் குத்தி வைத்துவிட்டுத்தான் ரயிலேறினான்.

அந்த அட்டை எண்ணெயில் ஊறிப்போய் அசிங்கமாக இருந்ததாம். வாரநடுவில் குப்பை லோரி கொண்டுபோய்விட்டது.

“ஆயுத பூஜைக்குச் சாமான கழுவி வைக்கணும்ல,” என்றாள் ராஜேஸ்வரி. “என் கார் வேல நிக்கிது. அதோட சாமானுக்கு வைக்காம, அவரோட ஸ்டேப்ளருக்கா பூஜ வைப்பாங்க?”

என் ஸ்டேப்ளரும் அதே தாம்பாளத்துக்குப் பக்கத்தில் குங்குமத்தோடு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஓட்டுநர்

கார் ராஜேஸ்வரியுடையது. அவள் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் லைசென்ஸ் எடுத்தாள். கிளட்ச் இல்லாத கார் மட்டும் ஓட்டலாம் என்கிற லைசென்ஸ். கிளட்ச் இல்லாமல் ஓட்டுவதை ஓட்டுவது என்று சொல்லலாமா என்று நான் அப்போது கேட்டேன். பிறகு எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம் வந்து, பார்வையின் ஓரங்கள் மங்கி, இனிமேல் ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது, மருத்துவமனைக்குப் போவது, ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் அவள் நடத்தும் தேவார வகுப்பு, எல்லாமே அவள் வலது காலை நம்பித்தான். ஆற்றுத் தண்ணீர் ஏறிய ஒரு வருடம், நான் வெள்ள எச்சரிக்கைக்கு எத்தனை கட்டங்கள் உண்டு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் காரைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள்.

இந்த உதை ஆரம்பித்ததும் எங்கள் மகன் பிரபா தொலைபேசியில் தீர்ப்பு சொல்லிவிட்டான். அவன் ஜோகூர் பாருவில் உயரமான அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறான். பழைய காருக்குக் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லையாம். விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். கடைசி அறையை எங்களுக்காகக் காலி செய்துவிட்டான். ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டான். அன்பில்தான் சொன்னான், அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது.

கடைசியில் ஒரு சமரசம். செல்வம் மாமா கையால் பார்க்கட்டும். விஜயதசமிக்குள் கார் ஒழுங்காக ஓடினால் சரி, இல்லையென்றால் விற்றுவிடுவது. ராஜேஸ்வரி ஒத்துக்கொண்டாள். அன்று இரவு சாப்பிடும்போது, அந்தத் திரைச்சீலை என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள்.

இப்போது புரியும், தாம்பாளத்தின் முன்னால் செல்வம் ஏன் அப்படி நின்றான் என்று.

எலுமிச்சம்பழத்தின் வகைப்பாடு

ஆயுத பூஜையும் நடைமுறையும் மோதுவதை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல.

நான் வேலை செய்த பணிமனையில் தமிழ் டிரைவர்கள் ஆண்டுதோறும் லோரிகளுக்குப் பூஜை போடுவார்கள். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஒரு வருடம் புதிதாக வந்த மலாய்க்கார மேலதிகாரி, நல்ல மனிதர், பழங்களைப் பொருள் கோரிக்கைப் படிவத்தில் எந்தப் பிரிவில் காட்டுவது என்று என்னிடம் கேட்டார். உணவா, எரிபொருளா, துப்புரவுப் பொருளா?

நான் விதிகளைப் புரட்டினேன். வாகனம் நகராமலிருக்கச் சக்கரத்தின் அடியில் வைக்கப்படும் பொருள் எதுவானாலும் அது சக்கரத் தடை என்று ஓர் உட்பிரிவு சொன்னது. எலுமிச்சம்பழம் லோரி நகராமல் தடுக்குமா என்று அவர் கேட்டார். பூஜை முடியும்வரை எந்த டிரைவரும் லோரியை நகர்த்த மாட்டான், ஆகவே தடுக்கும் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் பணிமனை சக்கரத் தடைகளைச் சந்தையில் வாங்கியது.

படத்தில் தெரியாதது

செல்வம் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். ராஜேஸ்வரிக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது.

“என் காரை நானே கெடுத்துட்டனா?”

“கெடல லா. குழம்பிப்போச்சு, அவ்ளோதான்.”

சட்டென்று அவளுக்கு நினைவு வந்தது. எதைச் செய்தாலும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. கழுவுவதற்கு முன்னால் அட்டையையும் எடுத்திருந்தாள். ‘செல்வம் கைவேலை’ என்று தலைப்புகூடப் போட்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் தொலைபேசியின் மேல் கவிழ்ந்தோம். படம் மிகத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு போல்ட்டின் தலையும் தெரிந்தது. தலை மட்டும்தான் தெரிந்தது. நீளமெல்லாம் அட்டைக்கு அந்தப் பக்கம்.

“அலமாக்,” என்றான் செல்வம் மெல்லிய குரலில்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் இறங்கினேன். என்னிடமிருந்த கையேட்டில் விதிகள் இருந்தன, இந்தக் காரின் போல்ட் வரைபடம் இல்லை. கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மரியாதையான கடிதம். கார் எண், கியர்பாக்ஸ் வகை, போல்ட்டுகளின் இட வரைபடம் தேவை என்ற கோரிக்கை, அது தேவைப்பட நேர்ந்த சூழ்நிலை. சூழ்நிலை என்ற பத்தியில் ‘சமய அனுஷ்டானம்’ என்று மட்டும் குறிப்பிட்டேன். உடனே பதில் வந்தது. என் கடிதம் கிடைத்ததென்றும், வேலை நாள்களில் கவனிக்கப்படும் என்றும், அது தானியங்கி என்றும் சொன்னது.

செல்வம் எழுந்து, அளந்தாவது பார்க்கலாமே என்று தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டினான்.

“தொடாத,” என்றாள் ராஜேஸ்வரி. “பூஜைல வச்சாச்சு. நாளைக்குக் காலைல புனர்பூஜ முடிஞ்சுதான் எடுக்கணும்.”

“அக்கா, நாளைக்குச் சாயங்காலம் எனக்கு ரயிலு. திங்கக்கிழம வேல.”

“தெரியும்.”

“கார் யாருக்கு வேணும், எனக்கா?”

“எனக்குத்தான். அதுக்காக சாமிகிட்ட வச்சத பிடுங்க முடியுமா?”

செல்வம் உதவி கேட்டு என்னைப் பார்த்தான். ஆயுள் முழுதும் ஒரு நடைமுறைக்கு விலக்கு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான். தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் நடைமுறையை விட்டுக்கொடுக்காத ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் என் மனைவியாகவும் இருந்தாள். மூவரும் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டோம்.

சாத்தேக் குச்சி

விஜயதசமி காலையில் கற்பூரம் அணைந்த கையோடு தாம்பாளம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. முதல் வேலை சந்தனத்தைக் கழுவுவது. கியர்பாக்ஸ் எண்ணெயில் சந்தனம் சேரலாமா என்பது பற்றிக் கையேடுகள் எதுவும் சொல்வதில்லை. செல்வம் சேரக்கூடாது என்றான்.

இரவு முழுக்க அவன் யோசித்திருக்கிறான். வரைபடம் இல்லாவிட்டால் என்ன, துளைகள் இருக்கின்றனவே. வால்வு பாடி ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெலிசு. எந்தத் துளையானாலும், சரியான போல்ட் அதைத் தாண்டி மறுபக்கம் ஏறக்குறைய ஒரே அளவுதான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்டல்தான் கியர்பாக்ஸ் உறைக்குள் போய்ப் பிடிக்கும். அதற்கு மேல், உறையிலுள்ள ஒவ்வொரு குழியும் எவ்வளவு ஆழம் என்று கீழேயிருந்து அளந்து சரிபார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

அளக்க என்ன இருக்கிறது என்று கேட்டான். ராஜேஸ்வரி சமையலறையிலிருந்து இறைச்சி கோத்துச் சுடும் சாத்தேக் குச்சி ஒரு கட்டு கொண்டுவந்தாள்.

அவன் காரின் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் குச்சியை விட்டு, நகத்தால் பிடித்த இடத்தோடு வெளியே நீட்டுவான். அவள் அதில் புருவ மையால் கோடு போட்டு, மேசையில் புதிய வால்வு பாடியின் அதே துளையோரம் வைப்பாள். பிறகு போல்ட்டை அந்தத் துளையில் விட்டு, நீட்டலைக் குச்சியோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். கோடு தாண்டினாலோ மிகவும் எட்டாமல் நின்றாலோ தலையை ஆட்டி வேறொன்றை எடுப்பாள். என் கண்ணுக்குப் புருவ மைக் கோடு தெரியாது. ஆகவே நான் கையேட்டை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவ்வப்போது விதிகளை உரக்க வாசித்தேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசி போல்ட்டும் இடம் பார்த்து அமர்ந்தது. மிச்சமில்லை, குறையுமில்லை. ராஜேஸ்வரி தாம்பாளத்தைக் கவிழ்த்து ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

செல்வம் வால்வு பாடியைத் தூக்கிப் பொருத்தினான். போல்ட்டுகளைக் கையால் திருகி, பிறகு அளவு காட்டும் முறுக்குக் குறடால் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். நான் அப்போது எட்டாம் விதியை வாசித்தேன். நெம்புகோலின் முனையிலுள்ள ஊசி, வால்வின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

“ஆமா மாமா, ஆமா,” என்றது காரின் அடிப்பகுதி.

“உக்காந்துச்சா?”

“முப்பது வருசமா இதான் மாமா என் வேல.”

“கேட்டது அது இல்ல.”

பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதற்காகவோ என்னவோ, நெம்புகோலை அசைத்துப் பார்க்கும்படி அக்காவிடம் சொன்னான். அவள் உள்ளே உட்கார்ந்து பி, ஆர், என், டி என்று இழுத்தாள். மோரில் கரண்டி விட்டதுபோல் எந்தப் பிடிப்பும் இல்லாமல் போய் வந்தது. ஊசி பள்ளத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

அடியிலிருந்து ஒரு பெருமூச்சும், அதைத் தொடர்ந்து குறடு தளர்த்தும் சத்தமும் வந்தன. போல்ட்டுகள் மறுபடி இறங்கின. இந்தத் தடவை புதிய அட்டை. அதை நானே மடியில் வைத்துக் காவல் காத்தேன். என் வாழ்க்கையில் என்னுடைய ஒரு விதியால் ஒரு கியர்பாக்ஸ் தப்பித்த நாள் அது. செல்வம் இன்றுவரை அதை ஒத்துக்கொள்வதில்லை. அவன் எப்படியும் பார்த்திருப்பானாம்.

நான்கு பழங்கள்

எண்ணெய் ஊற்றி, இஞ்சினைச் சூடாக்கி, மறுபடி அளவு பார்த்து முடிப்பதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. புதிய வால்வு பாடி ஓட்டுகிறவரின் கால் பழக்கத்தை முதல் ஓட்டத்தில் கற்றுக்கொள்ளும், ஆகவே அக்காதான் ஓட்ட வேண்டும் என்றான் செல்வம்.

ராஜேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, நெம்புகோலின் மேல் கையை வைத்தாள். அப்படியே இருந்தாள்.

“போடுக்கா.”

“போடுறேன் இரு.”

நானும் செல்வமும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். பழைய உதையாக இருந்தால் கார் பழங்களின் மேல் குதித்து ஏறும். எனக்கு அந்தத் திரைச்சீலை ஞாபகம் வந்தது. அது பச்சை நிறம்.

அவள் ‘டி’யில் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் ஆடவில்லை. கார் ஓடவில்லையோ என்று நினைத்தேன். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அது மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. நான்கு பழங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நசுங்கின. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

தோட்டத்துக் கோயில் வரைக்கும் போய் வந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஈரச் சாலை, ஜன்னல் வழியே எலுமிச்சை வாசனை. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று செல்வம் பின்னாலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான். மூன்றாவது எப்போது விழுந்தது என்று தனக்கே தெரியவில்லை என்றான். டிஷ்யூ பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. ராஜேஸ்வரி தேவாரம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். திரும்பும் வழியில் அப்படியே அவனை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டாள். சட்டையில் எண்ணெய்க் கறையோடு அவன் ஏறிப் போனான்.

பதில்

அன்று மாலையே அவள் பிரபாவுக்கு எழுதினாள். எப்போதும் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். இதை அனுப்பிவிட்டுப் படித்துக் காட்டினாள். ‘கார் சரியாயிடுச்சுப்பா. நாங்க இங்கயே இருக்கோம். கோவிச்சுக்காத. தீபாவளிக்கு ரயில்ல வா, நான் வந்து கூட்டிக்கிறேன்.’

அவன் படித்துவிட்டான் என்பது நீலக் குறியில் தெரிந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரமும் இல்லை. நான் நலமா, மருந்து சாப்பிடுகிறேனா என்று என்னிடம் மட்டும் தனியாகக் கேட்பான். அந்தச் செய்திக்குக் கீழே மட்டும் வெறுமையாகவே இருந்தது. கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அறையைக் காலி செய்து வைத்த பிள்ளை, அவனுக்கு நேரம் வேண்டும் என்றாள். காரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள், வந்தாள். வந்ததும் தொலைபேசியைப் பார்ப்பாள். முறுக்கு சுட்டாள். இரண்டு டின் சுட வேண்டிய இடத்தில் நாலு டின் சுட்டாள்.

கார் நிறுவனத்தின் வரைபடத்தை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது வேலை நாள்களில் கவனிக்கப்பட்டு வருகிறது.

பிரபாவின் பதில் வந்தபோது அவள் கை முழுக்க மாவு. நான்தான் எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தேன்.

‘டிக்கெட் எடுத்துட்டேன்மா. பிளாட்பாரத்துல நிக்காத, மழையா இருக்கும். கார்லயே இரு. நான் வந்து ஏறிக்கிறேன்.’

தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அது.